காலை இழுப்பு, மாலை இழுப்பு

எங்கள் பழைய ஆஸ்பத்திரியில் இப்போது வேலை பார்க்கும் ஸ்டெல்லா போன வாரம் போன் செய்தாள். ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொடுக்கும் சீட்டை மாற்றி அச்சடிக்கப் போகிறார்களாம். முன்பு நாங்கள் இரண்டு இன்ஹேலர் பம்பு கொடுப்போம். ஒன்று மூச்சை உடனே திறந்துவிட, இன்னொன்று தினமும் அடிக்க. இப்போது சிலருக்கு இரண்டு மருந்தும் ஒரே பம்பில் வருகிறதாம். மூச்சு முட்டும்போது அதையே அடித்துக்கொள்ளச் சொல்லித் தருகிறார்களாம். "அந்தக் காலத்துல சீட்டுல நீங்க என்னக்கா எழுதுவீக?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் இருக்கவே, லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து இரண்டு தடவை ஹலோ ஹலோ என்றாள்.

லைன் கட்டாகவில்லை. நான்தான் கொஞ்ச நேரம் அங்கே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு அப்படி ஆகிவிட்டது. பகலில் உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்கேயாவது போய்விட்டு வருகிறேன். என் மகள் இதைத் தூக்கம் என்கிறாள். தூக்கம் இல்லை. முதலில் ஒரு மின்விசிறி நிற்கிற சத்தம் கேட்கும், அதன் பின்னாலேயே அந்த அறை வந்துவிடும்.

மதுரையில் மூன்று வருடம் நர்ஸிங் படித்தேன். அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஊசி போடவும் படுக்கை விரிக்கவும் எல்லோரையும் போலத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் மேட்ரனுக்கு ஊர்ப் பேச்சு பிடிக்காது. "வாரீக, போறீக எல்லாம் உங்க ஊரோட இருக்கட்டும்" என்பார். நானும் ரோஷத்தில் ஒரே வருடத்தில் புத்தகம் மாதிரிப் பேசப் பழகிவிட்டேன். லீவுக்கு வீட்டுக்குப் போனால் அம்மாவே என்னை விருந்தாளி மாதிரிப் பார்ப்பாள். அப்போது அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தொண்ணூறுகளில் காரைக்குடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். பன்னிரண்டு கட்டில். டாக்டர் நெஞ்சு நோய் படித்தவர். அதிகம் பேசமாட்டார். எல்லாவற்றையும் பென்சிலில்தான் எழுதுவார். பென்சில் சீவ மேஜையில் ஒரு பிளேடு எப்போதும் கிடக்கும்.

நோயாளியை முக்காலியில் உட்காரவைத்ததும் டாக்டர் ஒரு விரலை உயர்த்துவார். நான் போய் ஃபேனை நிறுத்த வேண்டும். பழைய ஃபேன், சுற்றி அடங்க ஒரு நிமிடம் எடுக்கும். கடைசிக் கிரீச் நிற்கிற வரைக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். அப்புறம்தான் ஸ்டெதாஸ்கோப் நெஞ்சில் படும். சித்திரை வெயிலிலும் இதேதான். கரண்ட் போய்விட்டதா என்று நோயாளி மேலே பார்ப்பார். நான் சுவிட்ச் பக்கத்தில் நிற்பேன். ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்திருக்கும். எங்கோ ஜங்ஷனில் ஒரு என்ஜின் கூவும். வாஷ்பேசினில் தண்ணீர் சொட்டும். அந்த அமைதிக்குள் ஒரு மனிதரின் மூச்சு மட்டும் போய் வந்துகொண்டிருக்கும். என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான். சும்மா நின்றதற்குச் சம்பளம் வாங்கினாள் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

அந்த வருடங்களில்தான் ஸ்டீராய்டு பம்புகள் எங்கள் பக்கம் வரத் தொடங்கின. நீல பம்பு இறுகிய மூச்சுக்குழாயை உடனே தளர்த்தும். பிரவுன் பம்புதான் ஸ்டீராய்டு. உள்ளே இருக்கிற அழற்சியை மெல்ல அடக்கும். இன்றைக்கு அடித்தால் இன்றைக்கே ஒன்றும் தெரியாது, தினமும் அடிக்க வேண்டும். பம்பு என்றாலே சனங்களுக்குப் பயம். ஒருமுறை வாயில் வைத்தால் ஆயுசுக்கும் விடாது என்பார்கள். ஸ்டீராய்டு என்ற சொல் காதில் விழுந்தால் பாதிப் பேர் எழுந்தே போய்விடுவார்கள்.

அவர்களை உட்காரவைத்துச் சொல்லித் தருவது என் வேலை. பம்பைக் குலுக்கணும். உள்ளே இருக்கிற மூச்சை முழுக்க வெளியே விடணும். உதட்டை இறுக்கி வைத்து, அமுக்குவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்கணும். பத்து எண்ணுகிற வரைக்கும் மூச்சைப் பிடிக்கணும். பிரவுன் பம்பு என்றால் கடைசியில் வாயைக் கொப்பளித்துத் துப்பணும், இல்லாவிட்டால் வாய்க்குள் வெள்ளை படியும். வெறும் பம்பை வைத்துக்கொண்டு நான் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது நடித்துக் காட்டியிருப்பேன்.

டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதும் சுருக்கெழுத்து மருந்துக் கடைக்காரருக்கு மட்டும்தான் புரியும். நோயாளிக்கும் புரிய வேண்டுமே என்று நானாக ஒரு காரியம் செய்தேன். கடைத்தெருவில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கினேன். நல்ல தமிழில், மூன்று வரி.

பிரவுன்: காலை இழுப்பு 1
மாலை இழுப்பு 1
நீலம்: மற்ற நேரம், தேவைக்கு

டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு. நான் ஊதா மையைத் தொட்டுத் தொட்டு எல்லாச் சீட்டிலும் குத்தினேன். ஒரு வருடத்துக்கு மேல் குத்தினேன்.

சேவுகன் கண்டரமாணிக்கம் போகிற தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். முப்பத்தைந்து வயது இருக்கும். படியில் ஒரு காலை வைத்து, வெளியே சாய்ந்து, "ஆத்தங்குடி, கண்டரமாணிக்கம், ஏறு ஏறு" என்று அவர் போடுகிற சத்தத்துக்கு, போகாதவர்கள்கூட ஏறிவிடுவார்கள் என்று கேலி பேசுவார்கள். அவருக்கு மூச்சுத் தொந்தரவு வந்து விசில் ஊத முடியாமல் போனது. விசில் இல்லாமல் ஒரு நாள் பஸ்ஸின் பக்கத்தைத் தட்டித் தட்டி ஓட்டியிருக்கிறார். இன்னொரு தடவை இப்படியானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த வேலையை விட்டால் தனக்கு வேறு ஒன்றும் தெரியாது என்று முக்காலியில் உட்கார்ந்து சொன்னார். டாக்டர் ஒரு வாரத்துக்கு மாத்திரையும் இரண்டு பம்பும் கொடுத்தார். அன்று ஆஸ்பத்திரியில் ஏகக் கூட்டம். நான் நடித்துக் காட்டினேன். "காலையில ஒரு இழுப்பு, சாயந்தரம் ஒரு இழுப்பு" என்று வாயாலும் சொன்னேன். சரி சிஸ்டர், சரி சிஸ்டர் என்று தலையாட்டினார். சீட்டை நான்காக மடித்துக் கைக்குட்டைக்குள் வைத்தார்.

ஒரு மாதம் கழித்து, காலை எட்டு மணிக்கு, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. முதல் நடையில் ஏறிய சனம் முழுக்க உள்ளே இருந்தது. டிரைவர் ராசு, சேவுகனைத் தோளில் தாங்கிக் கொண்டுவந்தார். சேவுகன் ஒரு முழுச் சொல்கூடச் சொல்ல முடியாமல் "சி" என்றார், அப்புறம் ஒரு மூச்சு, அப்புறம் "ஸ்டர்" என்றார். நகமெல்லாம் நீலம் பூத்திருந்தது.

டாக்டர் விரலை உயர்த்தினார். நான் ஃபேனை நிறுத்தினேன். அந்த ஒரு நிமிடம் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் முன்னும் பின்னும் வைத்துக் கேட்டார். பிறகு குழாயை என் காதில் மாட்டினார். ஒன்றுமே கேட்கவில்லை. ஆஸ்துமாவில் விசில் மாதிரிச் சத்தம் கேட்டால் காற்று போகிறது என்று அர்த்தம். சத்தமே இல்லையென்றால் சத்தம் போடக்கூடக் காற்று இல்லை. எங்கள் வேலையில் அதைவிடப் பயமான அமைதி கிடையாது.

அவரை முன்பக்கம் சாய்ந்து மேஜையைப் பிடித்து உட்காரவைத்தோம். ஆக்ஸிஜன் வைத்தேன். இருந்த ஒரே நெபுலைசரை ஓடவிட்டேன், நீல பம்பில் இருக்கிற அதே மருந்து புகையாக மூக்குக்குப் போனது. டாக்டர் நரம்பில் ஹைட்ரோகார்ட்டிசோன் போட்டார். மூச்சுக்குழாயைத் தளர்த்தும் இன்னொரு மருந்தை டிரிப்பில் கலந்து, சொட்டைத் தானே எண்ணிச் சரிசெய்தார். நான் நாடியைப் பிடித்தபடி நின்றேன். சேவுகன் இடது கையால் சட்டைப் பையைக் காட்டினார். கைக்குட்டைக்குள் சீட்டும் பிரவுன் பம்பும் இருந்தன. பம்பைக் குலுக்கிப் பார்த்தேன். கனமாக, புதுசு மாதிரியே இருந்தது.

டாக்டரும் வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மேஜையில் வைத்தார். அதுதான் அவருடைய கோபம். எனக்கும் ஆத்திரம் வந்தது. இத்தனை சொல்லியும் ஒரு மாதமாகத் தொடவே இல்லை, ஸ்டீராய்டு என்று யாரோ பயமுறுத்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். சீட்டை என் யூனிஃபார்ம் பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டும். ராசு பஸ்ஸை எடுக்க மாட்டேன் என்று நின்றார். சனம் இறங்கிப் போயிற்று. சிலர் போகாமல் வாசலில் வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். வெயில் தரையில் ஒவ்வொரு கல்லாக நகர்ந்தது. நெபுலைசரின் வெள்ளைப் புகை ஜன்னல் வெளிச்சத்தில் மெல்ல மேலே போனது. நேரம் போகிறதா நிற்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. என் விரலுக்கடியில் ஒரு நாடி ஓடிக்கொண்டிருந்தது, அதை எண்ணுவது மட்டும்தான் உலகம் என்பது போல இருந்தது.

"ஊசி போட்டு இம்புட்டு நேரமாச்சே, ஏன் டாக்டர் இன்னும் கேக்கல?" என்று ராசு கேட்டார்.

டாக்டர் மதுரைக்குப் போகும்போதெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஜெராக்ஸ் எடுத்துவந்து படிப்பார். அப்போது அவர் மேஜையில் இருந்தது மூச்சுக்குழாய்த் தசையைப் பற்றியது. மூச்சுக்குழாயைச் சுற்றி ஒரு மெல்லிய தசை உண்டு. அது இறுகினால் மூச்சு முட்டும். நாங்கள் படித்த காலத்தில் அதற்கு அந்த ஒரு வேலைதான். அழற்சியை உண்டாக்குவதெல்லாம் ரத்தத்திலிருந்து வருகிற செல்கள், தசை பாவம் இடையில் மாட்டிக்கொள்கிறது என்றுதான் சொல்லித் தந்தார்கள். அது அப்படியில்லை, தசையும் அந்தச் செல்களைக் கூப்பிடுகிறது என்று அந்தக் கட்டுரையில் இருந்தது. அதைத்தான் டாக்டர் ராசுவுக்குப் புரிகிற பஸ் பாஷையில் சொன்னார்.

"உங்க பஸ்ஸுல பிரேக் போடுறது யாரு?"

"நாந்தான்."

"கூட்டத்தை ஏத்துறது?"

"இந்தா, இவன்தான்."

"இவன் தொண்டைக்குக் கீழ இருக்கற தசை பிரேக் மட்டும் போடுதுன்னு இத்தனை நாளா நெனச்சிருந்தோம். அதுவே படியில நின்னு ஆளையும் கூப்பிடுதாம். நீல மருந்து பிரேக்கை விடும், கூப்பிடுற வாயை ஒண்ணும் செய்யாது. வாயை அடைக்கறது இந்த ஊசி. இது தசை செல்லுக்குள்ள போகணும். அங்க இதுக்குன்னு காத்திருக்கற ஒரு புரதத்தோட சேந்து செல்லோட நடு அறைக்குப் போயி, ஆளைக் கூப்பிடுன்னு எழுதற உத்தரவை நிறுத்தணும். அப்புறம் ஏற்கெனவே ஏறின கூட்டம் இறங்கணும். நேரம் ஆகத்தான் செய்யும்."

"எறங்குற வரைக்கும்?"

"நம்ம பிடிச்சுக்கணும்" என்றார் டாக்டர்.

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மதியம் தாண்டியிருக்கும். டாக்டர் சோற்றுக்கு எழுந்து போகவில்லை, பக்கத்து அறையில் இருந்தார். நான் மறுபடி ஃபேனை நிறுத்திவிட்டு ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். மிகவும் அடியில், முதுகுப்பக்கம், நூல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பூனைக்குட்டி தூரத்தில் கத்துவது போல மெலிதாக வந்து நின்றது. அடுத்த மூச்சில் மறுபடி வந்தது. காற்று உள்ளே போகத் தொடங்கிவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேட்ரனும் மதுரையும் மறந்துபோய், எங்கள் வீட்டுப் பேச்சில் சத்தமாகக் கூப்பிட்டேன்.

"டாக்டர், இழுப்பு வந்துருச்சு. இழுப்பு வந்துருச்சு."

சொல்லிவிட்டு அப்படியே நின்றேன்.

என் அப்பாவுக்கு இழுப்பு இருந்தது. மழைக்காலத்தில் விடியற்காலம் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். "அப்பாவுக்கு இழுப்பு வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டுதான் நானும் என் தம்பியும் வெந்நீர் போட ஓடுவோம். எங்கள் பக்கத்தில் அந்த நோய்க்கு அதுதான் பெயர். எனக்குத் தெரியாத சொல்லா? பம்பை வாயில் வைத்து இழுப்பதை இழுப்பு என்று எழுதியபோது அது எங்கே போயிற்று? பையில் இருந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். காலை இழுப்பு, ஒன்று. மாலை இழுப்பு, ஒன்று. மற்ற நேரம், நீலம். ஊதா மையில், என் நல்ல தமிழில் இருந்தது.

மறுநாள் சேவுகன் சாய்ந்து உட்கார்ந்து காப்பி குடிக்கிற அளவுக்குத் தேறியிருந்தார். நான் சீட்டைக் கொடுத்து இதைப் படித்து எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்து அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"நீங்க எழுதுனபடிதான் செஞ்சேன் சிஸ்டர். காலையில இழுப்பு வந்தா பிரவுன் ஒண்ணு. சாயந்தரம் வந்தா ஒண்ணு. வேற நேரத்துல வந்தா நீலம். ஒரு மாசமா வரவே இல்ல. வராத இழுப்புக்கு எதுக்கு மருந்துன்னு பத்திரமா வச்சிருந்தேன். நேத்து விடிய வந்துருச்சு. ஒண்ணு அடிச்சேன். ஒண்ணுன்னுதானே போட்டிருக்கீக. கேக்கும்னு ஒக்காந்திருந்தேன்."

"நீலம் கையில இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஆனா அது காலைக்கு இல்லையே சிஸ்டர்."

என் சீட்டை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த நோயாளி அவர் ஒருத்தர்தான் என்று தோன்றியது. அந்த ஒழுங்குதான் அவரைக் கொல்லப் பார்த்தது.

அன்று சாயந்தரம் பஸ் முதலாளியின் ஆள் வந்து, கண்டக்டர் உடம்பு நிலையைப் பற்றி ஒரு கடிதம் கேட்டார். டாக்டர் என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். கொடுத்த மருந்தை நோயாளி ஒழுங்காக எடுத்துக்கொள்வதில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வரி முதலாளியிடம் போனால் சேவுகனின் வேலை போய்விடும். எழுதாமல் இருந்தால் என் வேலை என்ன ஆகும் என்று தெரியாது. என் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. பேனாவை வைத்துவிட்டு, டாக்டர், தப்பு என்னுடையது என்றேன்.

டாக்டர் விரலை உயர்த்தினார். பழக்கத்தில் நான் போய் ஃபேனை நிறுத்தினேன். அது கிரீச்சிட்டு அடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஸ்டாம்பைக் கொண்டுவரச் சொன்னார். பென்சில் சீவுகிற பிளேடால், முதல் வரியில் ஒன்றும் இரண்டாம் வரியில் ஒன்றுமாக இருந்த இழுப்பு என்ற சொல்லை நிதானமாகச் செதுக்கி எடுத்தார். ரப்பர்த் துணுக்குகள் மேஜையில் விழுந்தன. "நானும் இந்த ஊர்க்காரன்தான். நானும் பாத்துட்டுத்தான் தலையாட்டினேன்" என்றார். பிறகு கடிதத்தை அவரே பென்சிலை வைத்துவிட்டு மையில் எழுதினார். மருந்து எடுக்கும் முறையை நாங்கள் தவறாக எழுதிக் கொடுத்ததால் நேர்ந்தது, நோயாளி மேல் குறை இல்லை, மருந்தை எடுத்துவந்தால் வேலை பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. அழவில்லை, ஃபேனைப் போட்டேன்.

பிறகு ரிஜிஸ்டரைத் திறந்து, அந்த ஸ்டாம்ப் குத்தியவர்கள் அத்தனை பேருக்கும் அஞ்சலட்டை எழுதினேன். பிரவுன் மருந்தை மூச்சு முட்டினாலும் முட்டாவிட்டாலும் தினமும் அடிக்க வேண்டும், முட்டும்போது எந்த நேரமானாலும் நீலம் என்று ஒவ்வொன்றிலும் எழுதினேன். பல பேர் திரும்ப வந்தார்கள். சேவுகன் மாதிரியே சீட்டைப் படித்தவர்கள் அதில் நிறைய இருந்தார்கள். ஒரே ஓர் அட்டை மட்டும் திரும்பி வந்தது. பெறுபவர் காலமாகிவிட்டார் என்று தபால்காரர் எழுதியிருந்தார். எதனால் என்று அதில் இல்லை. நான் போய்க் கேட்கவும் இல்லை. தைரியம் வரவில்லை. அந்தப் பெயரை வைத்து இன்றைக்கும் ஜெபம் சொல்கிறேன், அதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை.

தபாலை மட்டும் நம்ப வேண்டாம் என்று சேவுகன் தானாகவே ஒரு வேலை செய்தார். வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலிருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஊர்ப் பெயரைச் சொன்ன பிறகு, "டாக்டர்ட்ட பம்பு வாங்குனவுக, இழுப்பு இல்லாட்டியும் பிரவுன் அடிங்கப்பா" என்று ஒரு சத்தம் போடுவாராம். ராசுதான் வந்து சொல்லிச் சிரித்தார். அதைக் கேட்டு டாக்டரும் சிரித்தார்.

ஸ்டெல்லாவுக்கு இவ்வளவும் போனில் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் யாராவது ஒரு நோயாளியை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு போனை வைத்துவிட்டேனா, கையிலேயே வைத்திருந்தேனா என்று நினைவில்லை. அதற்குள் அந்தக் காலை வந்துவிட்டது.

சேவுகன் வேலைக்குத் திரும்பி இரண்டு மாதம் இருக்கும். நான் ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்துகொண்டிருக்கிறேன். இளவெயில். முதல் நடை பஸ் என்னைத் தாண்டிப் போய், கொஞ்சம் தள்ளி வேகம் குறைக்கிறது. படியில் ஒரு காலை வைத்து அவர் வெளியே சாய்கிறார். சட்டைப் பையில் கைக்குட்டை புடைத்துக்கொண்டு தெரிகிறது.

"இழுப்பு இல்ல சிஸ்டர்" என்று கத்துகிறார். "ஒரு இழுப்பு இழுத்துட்டேன்."

அப்புறம் விசிலை வாயில் வைத்து, மூச்சு முழுக்கத் தீர்கிற வரைக்கும், நீளமாக ஊதுகிறார்.